எதிர் நாற்காலி

மின்விசிறி ஓடியதா என்று யசோதராவுக்கு இன்று சரியாக நினைவில்லை. மேலாளர் மேசைமேல் கிடந்த அந்தப் புகைப்படம் மட்டும் நினைவிருக்கிறது.

விம்கோ நகர் தொழிற்சாலையின் மாலை வெயில் அதன்மேல் விழுகிறது. படத்தில் தொழிற்சங்கத்தின் ரகசியக் கூட்டம். நிர்வாகத்தின் கடிதங்களைச் சங்கத்துக்குக் கடத்துகிற அவளும் அதில் இருக்கிறாள், நேராகப் பார்த்துச் சிரித்தபடி. "யாரைப் பாத்தும்மா இந்தச் சிரிப்பு?" என்கிறார் மேலாளர். வெளியே ஷிப்ட் சங்கு ஊதுகிறது. கூட்டத்துக்கு வந்தவர்களில் அவள் காதலிக்கிற அறிவு மட்டும் படத்தில் இல்லை. அவன்தான் அவளுக்கு எதிர் நாற்காலியில் இருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவனோடு பழைய உளவாளிப் படம் பார்க்கையில், "எதிரியாண்ட போய் மயங்குறா பாரு, லூசு" என்று அவள் சிரித்தாள். "அவன் இன்னா பண்ணுவான், பாவம்? அவனுக்கும் நெசமாவே புடிச்சிகீதே" என்றான் அவன். புகைப்படத்தைத் தொட்ட விரலை அவளால் எடுக்க முடியவில்லை.

அவளோடு ஏழு பேருக்கு வேலை போனது. அறிவு மேற்பார்வையாளரானான். இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.