மூன்று வருஷத்து ரீடிங்

"ரொபர்ட், மிஸ்ஸுக்கு ஒரு கதிரை போடு!"

தோட்டத்து மனேஜர் பெரிய தொர சொன்னதும் ரொபர்ட்டுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது.

மிஸ்ஸாம், மிஸ்! தொழிலாளர் குடியிருக்கிற பத்தாம் நம்பர் லயத்து மரியம்மா மகள் ஜெயந்தி. நேற்றுவரை மூக்கொழுகிக்கொண்டு பெக்டரி பைப்பில் தண்ணீர் பிடிக்க வந்த குட்டி. இன்றைக்கு இஞ்சினியர். அது போதாதென்று கெம்பஸில் இன்னொரு பெரிய படிப்பு. அதன் கடைசிப் புரொஜெக்டைச் செய்ய வேறு இடமே கிடைக்காத மாதிரி, பலாங்கொடை மலையில் இந்த டீ பெக்டரிக்கே வந்து நிற்கிறாள்.

அவன் பதினெட்டு வருஷமாக ட்ரையர் பொறுப்பில் இருக்கிறவன். ஒரு நாளாவது அவனை உட்காரச் சொல்லியிருப்பாரா இந்தத் தொர?

ஜெயந்தி சிங்களத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். தேயிலை காய வைக்கிற ட்ரையருக்கு விறகு அளவுக்கு மிஞ்சிப் போகிறதாம். எந்த நேரம் எவ்வளவு சூடு என்று பார்த்தால், எங்கே வீணாகிறது என்று பிடித்துவிடலாமாம்.

"வெரி குட்! சரியா வந்தா கொழும்பு ஹெட் ஒபிஸுக்கே அனுப்புறேன்" என்றார் தொர. "ரொபர்ட், மிஸ் கேக்குறதெல்லாம் குடு."

வீட்டுக்கு வந்தும் ரொபர்ட்டுக்கு ஆறவில்லை.

"நம்ம சனத்துல ஒரு புள்ள மேல வந்தா சந்தோசப்படுவீங்களா, அத விட்டுட்டு..." என்றாள் மனைவி பிரேமலதா.

"நானும் ஏ.எல்.ல கணக்குப் படிச்சவன்தான்டி. கெம்பஸுக்கு மூணு மார்க் கொறஞ்சிருச்சு. இல்லாட்டி..."

"அந்த மூணு மார்க்க இன்னும் எத்தன வருஷத்துக்குச் சொல்லுவீங்க?"

அன்றைக்கு அவன் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் ஜெயந்தி வந்து நின்றாள்.

"ரொபர்ட் அண்ணே, மணித்தியாலத்துக்கு ஒருக்கா ட்ரையர் சூடு பாத்து எழுதுவீங்களே, அந்த ரீடிங் புக் வேணும்ணே. மூணு வருஷத்துது."

"நாளைக்கு வா."

நாளைக்கு வந்தால், அலுமாரிச் சாவி கிளாக்கரிடம். அதற்கடுத்த நாள், கிளாக்கர் லீவு. நாலு நாள் இழுத்தடித்தான். அஞ்சாம் நாள் தொரயிடம் ஏச்சு வாங்கிய பிறகுதான் மூன்று புத்தகத்தையும் மேசையில் பொத்தென்று போட்டான்.

"இந்தா, தலைய ஒடச்சிக்க!"

அவள் ரெண்டே நாள்தான் அவற்றைப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து தானே சூடு பார்த்து எழுத ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ட்ரையர் பக்கத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாரம். அந்த வெக்கையில் முகமெல்லாம் கறுத்துப்போனது.

"என்னா, நான் எழுதுனது ஒனக்கு ஒத்துவரலயோ?"

"அப்படி இல்லண்ணே. இருக்கட்டும்."

பார்த்தீர்களா திமிரை! லயத்தில் பிறந்தவளுக்கு இன்னொரு லயத்தான் எழுதியது ஆகாதாம். இந்தப் புரொஜெக்ட் நாசமாய்ப் போகட்டும் என்று மனதாரச் சபித்தான் ரொபர்ட்.

புரொஜெக்டைப் பார்த்து மார்க் போட கெம்பஸிலிருந்து ரெண்டு லெக்சரர்மார் வந்தார்கள். தொரயும் கூட இருந்தார். ரொபர்ட் ஒபிஸ் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பெரிய லெக்சரர் கண்ணாடியைக் கழற்றும் வரைக்கும்.

"வெறும் மூணு வாரக் கணக்க வச்சி எப்படி நம்புறது? பெக்டரியில பழைய ரீடிங் இல்லையா?"

"ஏன் இல்ல? மூணு வருஷத்துது குடுத்தோமே!" என்றார் தொர.

எல்லாரும் ஜெயந்தியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடுத்தாங்க சேர். நான்தான் மழையில நனைய விட்டுட்டேன். எழுத்தெல்லாம் கலைஞ்சிருச்சு. பிழை என்னுதுதான்."

"இது ஒரு இஞ்சினியர் செய்யிற வேலையா? பாஸ் போடுறோம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க."

தொர முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஹெட் ஒபிஸ் கதைய இனி விட்டுருவோம், மிஸ்."

ரொபர்ட்டுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்லா வேணும்! கதிரை போட்டு உட்கார வைத்தீர்களே, இப்போது பாருங்கள்.

அதோடு விட்டானா? பின்னேரம் அவள் பஸ்ஸுக்கு இறங்கிப் போகும்போது வழிமறித்தான்.

"நான் ராப்பகலா பாத்துப் பாத்து எழுதுன புக்க நனைச்சிப்புட்டியே, நீயெல்லாம் ஒரு படிச்ச புள்ளயா? நாளைக்கு தொர கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

ஜெயந்தி பேக்கைத் திறந்தாள். மூன்று புத்தகத்தையும் எடுத்து அவன் கையில் வைத்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நனஞ்சிருச்சின்னே தொரகிட்ட சொல்லுங்கண்ணே. இத அவரு கண்ணுல காட்டிறாதீங்க, வேல போயிரும். ஒங்களுக்கும் புள்ளக்குட்டி இருக்கு."

ரொபர்ட் முழித்தான். அவளே ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.

"இங்க பாருங்க. போன வருஷம் மார்ச் இருபத்தொம்பது. காலையில ஆறு மணியில இருந்து மணித்தியாலத்துக்கு ஒரு சூடு, ஒவ்வொண்ணுக்கும் ஒங்க கையெழுத்து. அன்னைக்குப் பெரிய வெள்ளிக்கிழமைண்ணே. பெக்டரியே பூட்டு. நம்ம கோயில் சிலுவைப் பாதையில சிலுவையத் தூக்கிக்கிட்டு முன்னால போனதே நீங்கதான்."