கண்ணாயி, ஒரு தலைக்கட்டு

வரி கட்ட ஆசைப்பட்ட மனிதன் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை என்று சக்தி அறிவித்தான்.

கரடியூர் பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் நின்றுகொண்டு, பட்ஜெட் வாசிக்கிற முகத்தோடு சொன்னான். சேலத்தில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம் படிக்கிறான். லீவுக்கு மலையேறி வந்தால் ஊரையே பாடமாக எடுத்துவிடுவான். ஊரின் ஒரே போண்டாக் கடைக்குப் பெயர் 'முற்றுரிமை' என்று போன லீவில் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, கடைக்காரர் அவனுக்குச் சட்னி வைப்பதில்லை. முற்றுரிமையின் இலக்கணமே அதுதான் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தான்.

அன்றைக்கு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வரி வசூல்.

வெளியே சாரல். எதிர்ப்பக்கத்துச் சில்வர் ஓக் மரங்களில் பாதியை மேகம் தின்றிருந்தது. வரி வாங்கும் சின்னத்தம்பி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மன் படம், அம்மன் காலடியில் க்யூஆர் அட்டை.

முறை எளிது. நோம்பிச் செலவை ஊரிலுள்ள தலைக்கட்டுகளால் வகுத்தால் வருவது வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கல்யாணம் ஆகாதவன் எவ்வளவு வளர்ந்தாலும் தலை கிடையாது. அப்பன் தலைக்குள் அடக்கம்.

ஆகவே தனக்கு வரி இல்லை என்பதைச் சக்தி ஊருக்குப் புரியவைத்தான். வாணவேடிக்கை எல்லோர் கண்ணுக்கும்தான் தெரியும். காசு கொடுத்தவனுக்கென்று தனியாக ஒன்று மேலே போய் வெடிக்காது. புத்தகத்தில் இதற்கு ஓசிச் சவாரி என்று பெயர். புத்தியுள்ளவன் ஏறி உட்கார்ந்துகொள்வான், புத்தி இல்லாதவன் டிக்கெட் எடுப்பான்.

வரிசையில் நின்ற கல்யாணமானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கண்ணாயி வந்தாள். உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். மேட்டுத் தோட்டத்தில் தனியாக ராகியும் கொஞ்சம் காபியும் பார்ப்பவள். புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் போனவன், போனவன்தான்.

இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள். சின்னத்தம்பி வாங்கவில்லை. ஆள் வந்தால் வாங்கிக்கொள்கிறேன், பொம்பளைத் தலைக்கு வரி வாங்கிப் பழக்கமில்லை, நீ எதற்கு வீணாகக் கஷ்டப்படுகிறாய் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஏதோ சலுகை கொடுக்கிற மாதிரிதான் சொன்னார்.

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

சக்தி சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். கேட்காமலே வரி கொண்டுவந்து கொடுக்கிற ஒருத்தி, வேண்டாம் என்கிற ஒரு வசூல்காரர். இப்படி ஒரு சந்தை எந்தப் பரீட்சைத் தாளிலும் வந்ததில்லை. இதற்குக் கோடு வரைந்தால் மேலே போகுமா, கீழே போகுமா?

வரி கட்டாவிட்டாலும் சாமி கண்ணில் படத்தானே போகிறது, பிறகு எதற்கு அக்கா என்று அவளிடமே கேட்டான். கேலியாக ஆரம்பித்த கேள்விதான். முடிக்கும்போது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"போன நோம்பிக்கு எல்லாரூட்டு வாசல்லயும் சப்பரம் நின்னுது கண்ணு, எம்பட ஊட்ட மட்டும் தாண்டிப் போயிருச்சு," என்றாள் கண்ணாயி. "ஆளு போனா ஊடுங் கூடவா போயிரும்?"

வரி கட்டிய வாசலில்தான் சப்பரம் நிற்கும், தேங்காய் உடையும். கட்டாத வீட்டை அது வேலியைத் தாண்டுவது போலத் தாண்டிவிடும். சக்திக்கு இது தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். ஆனால் அதை யாரும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள் என்று நினைத்ததில்லை.

சின்னத்தம்பி அம்மன் படத்தின் மேல் விழுந்த சாரலைத் துண்டால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடம்தான்.

சக்தி தொண்டையைச் செருமிக்கொண்டு அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டான். செலவு அதேதான்; தலை ஒன்று கூடினால், ஒவ்வொரு தலைக்கும் விழுகிற வரி ஏறுமா, இறங்குமா?

வரிசை மொத்தமும் மனசுக்குள் வகுத்துப் பார்த்தது.

சராசரிச் செலவு என்ற சொல்லை அவன் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணாயி நல்ல உழைப்பாளி என்றார் ஒருவர். தலை என்றால் ஆம்பிளைத் தலை என்று அம்மன் எங்கே சொன்னாள் என்றார் இன்னொருவர். ஆம்பிளைத் தலைதான் என்று போன வருஷம் சொன்னவர் அவரேதான். தர்மம் இப்படிச் சில்லறையில் இறங்கிவரும் என்று சக்தியே எதிர்பார்க்கவில்லை.

சின்னத்தம்பி எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். புருஷன் பெயரை எடுக்காமல், "கண்ணாயி, ஒரு தலைக்கட்டு" என்று வழக்கப்படி உரக்கச் சொல்லி வெற்றிலை பாக்குக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தன் வீட்டுக்குப் போகிறவளின் நடையில் சாரலில் இறங்கிப் போனாள்.

மற்றவர்களும் கட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஓசிச் சவாரிக்காரரே, நீங்களும் ஒரு தலை ஆனால் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையுமே என்று ஒருவர் போகிற போக்கில் சக்தியின் முதுகில் தட்டினார். அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான்.

கொட்டச்சேடு போகிற பஸ் வந்து, நின்று, மேகத்துக்குள் போனது. அது முழுக்க மறைகிற வரைக்கும் சக்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். யாருமில்லை. நாற்காலியருகே வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினான்.

சின்னத்தம்பி சிரித்தார். உங்கப்பன் காலையிலேயே கட்டிவிட்டுப் போயாயிற்று என்றார்.

"இது எம்பட தலைக்குங்க மாமா," என்றான் சக்தி, குரலைத் தாழ்த்தி. "தாலி கட்டுனத ஊட்டுல இன்னுஞ் சொல்லலீங்க."