குளிர வைக்கிற வேலை

ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்ததும் கெட்டுப்போன இறைச்சியின் வாடைதான் முஹ்ஸினின் முகத்தில் அடித்தது.

ஐஸ் கட்டும் தட்டில் வெறும் தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தான். கண்டி வாவித் தண்ணீர்கூட இதைவிடச் சில்லென்று இருக்கும்.

“என்ன செஞ்சு வச்சிருக்கீங்க இத?” என்று குசினி வாசலைப் பார்த்துக் கேட்டான்.

வாசலுக்கு வெளியே வேலாயி நின்றாள். பங்களாவில் சமையலுக்கு உதவுகிறவள். கையில் ஒரு எனாமல் சட்டி. “ஐஸ் எப்ப நானா கட்டும்?” என்றாள், முஸ்லிம்களை அண்ணன் முறையில் அழைக்கிற வழக்கப்படி.

தோட்டத் துரையின் மனைவி, துரைசானி, வீட்டில் இல்லை. நேற்றே முஹ்ஸின் வேலை செய்யும் கண்டிக் கடைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். நீங்கள் விற்ற பெட்டியில் ஒரு வாரமாக ஐஸ் இல்லை, திருத்த முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போங்கள் என்று. முதலாளி அந்தக் கோபத்தை அப்படியே முஹ்ஸினின் தலையில் இறக்கி, ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வளைவுக்கு வளைவு பஸ் ஆட்டி எடுத்தது. இப்போது இந்த வாடை வேறு.

வந்த ஆள் இன்னொன்றும் சொல்லியிருந்தான். வேலைக்காரியின் மகனுக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கடுமையான காய்ச்சல். தலையில் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டினதும் எடுத்துக்கொள் என்று துரைசானியும் சொல்லிவிட்டாள். கட்டினால்தானே.

மண்ணெண்ணெய்ப் பெட்டி அது. அடியில் விளக்கு எரியும், மேலே ஐஸ் கட்டும். நெருப்பு எப்படிக் குளிராகிறது என்று கேட்டால் முஹ்ஸின் மழுப்பிவிடுவான். ஆனால் எங்கே பிழை வரும் என்று தெரியும்.

சாய்ந்து நின்றால் கட்டாது. பீரிஸ் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் தலையில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் ஒரு பக்கமும் சரியவில்லை.

கதவு இறுகாவிட்டால் கட்டாது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துச் சாத்தி இழுத்தான். ரப்பர் நன்றாகத்தான் பிடித்திருந்தது.

பின்னால் புகைக்குழாயில் கரி இல்லை. திரி ஒழுங்காக வெட்டியிருந்தது. தொட்டி நிறைய எண்ணெய்.

விளக்கு மட்டும் எரியவில்லை. நான் வருகிறேன் என்று அணைத்திருப்பார்கள் என நினைத்துக்கொண்டான்.

“தங்கச்சி, அந்த நெருப்புப் பெட்டியக் கொஞ்சம் எடுத்துத் தா.”

நெருப்புப் பெட்டி அடுப்பு மேடையில், அவளுக்குக் கிட்டத்தான் கிடந்தது. அவள் வாசலைத் தாண்டவில்லை.

“நீங்களே எடுத்துக்குங்க நானா.”

நல்ல வேலைக்காரிதான் என்று முணுமுணுத்தபடி அவனே எழுந்து போய் எடுத்து, விளக்கைப் பற்றவைத்தான். சுடர் நீலமாக, ஆடாமல் நின்றது. ஒரு விளக்கு இதைவிட ஒழுங்காக எரிய முடியாது. முஹ்ஸினுக்கு ஆத்திரமாக வந்தது. பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“ஐஸ் எப்ப நானா கட்டும்?”

அவன் வந்ததிலிருந்து அவள் வாயில் இந்த ஒரு கேள்விதான்.

“பொறு பொறு. இந்தப் பெட்டிய யாரு பாக்குற?”

“சமையக்கார அப்பு காய்ச்சல்ல ஊருக்குப் போனதுல இருந்து நாந்தாங்க. பகல்ல எரிய விடுவேன். ராத்திரியில, தொரசானி சொன்ன மாதிரி, குளிர வச்சிட்டுத்தான் லயத்துக்குப் போவேன்.”

“குளிர வைக்கத்தானே பெட்டி இரிக்கி. நீ எப்படிக் குளிர வச்ச?”

இது என்ன கேள்வி என்பதுபோல அவள் பார்த்தாள்.

“திரிய எறக்கி, கையால வீசித்தான். நாங்க வாயால ஊத மாட்டோம் நானா.”

முஹ்ஸினுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் வீட்டில் விளக்கை அணைப்பதை நூர்ப்பது என்பார்கள். அவ்வளவுதான். இவள் வீட்டில் விளக்கை அணை என்று ஒரு பெண் சொன்னால் அபசகுனம். குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். துரைசானி தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், ராத்திரி நன்றாகக் குளிர வை என்று சொல்லியிருக்கிறாள். இவளும் சொல் தட்டாமல் ராத்திரிக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ், வாடை, முதலாளி என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வெடித்தது.

“அட மடச்சி! விளக்க நூத்தா எப்படி ஐஸ் கட்டும்? இந்த நெருப்பாலதான் குளிரே வார. ராவு பகலா இது எரியணும்.”

அவள் சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் சுடரைப் பார்த்தாள்.

“நான் குளிர வைக்காம விட்டிருந்தா கட்டியிருக்குமா நானா?”

“கட்டியிருக்குமாவா? போன கிழமையே கட்டியிருக்கும். பெட்டியில ஒரு பிழையும் இல்ல.”

பெட்டி கடைக்குத் திரும்பி வராது என்ற நிம்மதியில் சத்தமாகவே சொல்லிவிட்டான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். சொன்னது கூடிப்போய்விட்டது என்று பட்டது. பாவம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடித் திரிகிறவள், தெரியாமல் செய்ததுதானே.

“சரி, விடு தங்கச்சி,” என்றான். “இனி நூக்காத. நாளைக்கு விடிய வந்து பாரு, தட்டு நெறயக் கட்டியிருக்கும். கொண்டு போய் மகன்ட தலையில வை.”

“நாளைக்கு வேணாங்க நானா.”

அவள் சட்டியைக் கவிழ்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“புள்ளையோட அப்பா நாவலப்பிட்டியில வேலைங்க. ஆள் போயிருக்கு, ஆனா நாளைக்குத்தான் அவரு வந்து சேருவாரு. அதுவரைக்கும் புள்ளைய வச்சிருக்கலாம்னுதான் ஐஸ் கேட்டேன். ஐஸ் இல்லைன்னா இன்னைக்குச் சாயங்காலமே எடுத்துருவாங்க.”