சிக்னேயின் இருபத்தெட்டு விநாடி

கடைசிக் கொடியைச் சிக்னே தாண்டியதும் டிவித் திரையின் மேலே ஓடிக்கொண்டிருந்த எண் நின்றது. 28.91.

அவள் மூச்சும் கூடவே நின்றது.

அவள் புருஷன் ஒட்வாரின் நேரம் 29.40. வீடியோ கேம் பனிச்சறுக்கில் முப்பது விநாடிக்குள் மலை இறங்கி, திரையைப் போட்டோ பிடித்து அனுப்பினால், கேம் கம்பெனி ஒரு துணி பேட்ஜ் அனுப்பும். அவனுக்கு வந்தது. அதைக் கோட்டின் தோளில் தைத்துக்கொண்டுதான் இரண்டு மாதமாகக் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். நிஜ மலையில் நிஜப் பதக்கம் வாங்கியவர்கள்கூட இவ்வளவு அலட்ட மாட்டார்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் நார்வேக் கடலோர ஊரான ஹௌகெசுண்டில் எந்த வீட்டிலும் சத்தம் இருக்காது. தூங்கும் நேரம். யாரும் யாருக்கும் போன்கூடச் செய்ய மாட்டார்கள். சிக்னேயும் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்து, ஜன்னல் சீலைகளை இழுத்து மூடி, டிவிக்கு இடப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்துதான் ஆடினாள். வலப்பக்கச் சோபாவில் ஒட்வார் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஒட்வார்! எந்திரி! இங்க வந்து பாரு!"

குறட்டை இன்னும் கொஞ்சம் பலத்தது.

அந்தக் காலத்து கேம் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் சாதனையும் போச்சு. சிக்னே கைநீட்டி அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தாள். எழுந்து டிவிக்கு நேரே போய் நிற்கக்கூடப் பொறுமையில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த எண்ணை மட்டும் பார்த்து அழுத்தினாள். இருட்டு அறையில் ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது.

எதற்கும் இன்னொன்று எடுத்துவைக்கலாம் என்று ஃபிலிமைச் சுற்றும்போது ஒட்வார் விழித்துக்கொண்டான்.

கொட்டாவி விட்டான். சோம்பல் முறித்தான். காபி குடிக்க வேண்டும் என்று எழுந்தவனின் கால் கேம் பெட்டியின் வயரில் மாட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அடடா," என்றான். பாவம், அவன் முகமே வாடிப்போயிற்று.

சிக்னேவுக்குக் கோபமே வரவில்லை. போட்டோதான் இருக்கிறதே! சமையலறைக்குப் போய், நாற்பத்து மூன்று வயதை மறந்து, ஃப்ரிட்ஜைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அன்று சாயங்காலம் சுட்ட வாஃபிளில் ஜாமை அள்ளி அள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை பட்டறைக் கேன்டீனில் சொன்னாள். அவளுக்கும் அங்கேதான் வேலை, சாமான் கிடங்கில். வெல்டர்கள் எல்லாரும் ஒட்வாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் அங்கதான் இருந்தேன். ஆனா நல்லா அசந்து தூங்கிட்டேன்," என்றான் ஒட்வார். "பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

என்ன நேர்மையான மனுஷன் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு சிக்னே சாப்பாட்டுத் தட்டோடு வரும்போதெல்லாம் யாராவது ஒருவன், "சிக்னே அக்கா, நேத்து ராத்திரி கனவுல எத்தனை விநாடி?" என்று கேட்பான். மேஜையே சிரிக்கும். ஒட்வார் மட்டும் சிரிக்காமல், பெருந்தன்மையாக, "விடுங்கப்பா," என்பான். அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

தினமும் ஆடிப் பார்த்தாள். முப்பதுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்க முடியவில்லை. கடையில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்திருந்தாள்; போட்டோ வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினோராம் நாள் போட்டோ வந்தது.

கடைக்காரப் பெண் கவரைப் பிரித்து, அந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"ஃப்ளாஷோட எடுத்துட்டீங்க. டிவியை எடுக்கறப்ப ஃப்ளாஷை அணைச்சிடணும். மொதத் தடவை எல்லாரும் பண்ற தப்புதான்."

சிக்னே வாங்கிப் பார்த்தாள். திரை கறுப்புக் கண்ணாடியாகப் பளபளத்தது. மலை இல்லை, கொடி இல்லை, 28.91 இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகு போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றிருந்த நாய் குரைத்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இதைப் பெருசாப் போட்டுத் தர முடியுமா? எங்க கேன்டீன் நோட்டீஸ் போர்டு அளவுக்கு. திங்கக்கெழமைக்குள்ள வேணும்."

"இதையா?" கடைக்காரப் பெண் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "டிவியில ஒண்ணுமே விழலையேங்க. கண்ணாடியில எதிர்ச் சோபாதான் தெரியுது. யாரோ ஒருத்தர் நிமிந்து உக்காந்து, ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு, வாயைப் பொளந்து டிவியையே பாத்துட்டிருக்காரு."

"அவருதான் என் வீட்டுக்காரரு," என்றாள் சிக்னே. "நல்லா அசந்து தூங்கிட்டிருக்காரு."