இருபத்திரண்டு டிக்கெட்

"சர்வர் டவுன் சார். அப்புறம் வாங்க."

கவுண்ட்டரில் இருந்த ஸ்நேஹா தலையைக்கூடத் தூக்கவில்லை. ராகவேந்திரனுக்குச் சுருக்கென்றது. மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு இதற்காகவே மூன்றாவது நாளாக வருகிறார்.

பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஹூப்ளி. இருபத்திரண்டு பேரையும் ஃப்ளைட்டிலேயே அழைத்து வருவதாக நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே சொல்லிவிட்டார். 'சிறகு ஏர்' என்று ஒரு கம்பெனி, ஐம்பது பேர் உட்காரும் குட்டி விமானங்களை ஓட்டுகிறது. பஸ் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கூட என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில் கொடுத்த வாக்கு.

பத்துப் பேருக்கு மேல் என்றால் ஆபீசுக்கு வந்துதான் டிக்கெட் போடவேண்டும். முதல் நாள் சர்வர் டவுன். இரண்டாம் நாள், அத்தனை பேருடைய ஒரிஜினல் ஆதாரும் ஹூப்ளியிலிருந்து வரவேண்டுமாம். இன்றைக்கு மறுபடியும் சர்வர். சலுகையோ இன்றோடு முடிகிறது.

"இன்னிக்கு விட்டா இந்த ரேட் கிடைக்காதும்மா" என்றார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரயில்ல ஏசியில வரச் சொல்லுங்களேன் சார். நிம்மதியா இருக்கும்."

அவ்வளவுதான். வசதி இல்லாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாளே என்று மனுஷருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புகார் எழுதுவதில் ராகவேந்திரனை மிஞ்ச ஆள் கிடையாது. பால் பாக்கெட் ஒழுகினால்கூட மூன்று பேருக்கு நகல் போகும். வீட்டுக்கு வந்ததும் நாலு பக்கம் எழுதி அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பத்தாம் நாள் பதில் வந்தது. அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். மனைவி கோமளத்திடம் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

"பாவம்ன்னா அந்தப் பொண்ணு" என்றாள் கோமளம். அது அவர் காதில் ஏறவில்லை.

கடைசியில் ரயிலில்தான் டிக்கெட் போட்டார். சம்பந்தியும் முகம் சுளிக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பத்திரிகை கொடுக்க தி.நகர் பாண்டி பஜார் பக்கம் போனார். சிறகு ஏர் ஆபீசில் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் ஒரே கும்பல், கூச்சல். விசாரித்தார். எரிபொருள் போடக் காசில்லையாம். வாடகை பாக்கிக்காக விமானங்களைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். டிக்கெட்டுக்குக் கட்டிய பணம் ஒரு பைசா தேறாதாம்.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்றைக்கு டிக்கெட் கிடைத்திருந்தால் மாப்பிள்ளை ஹூப்ளியில், பெண் மணவறையில்.

கும்பலை விலக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் தணிகாசலம் அவரை அடையாளம் கண்டுகொண்டான். "ஸ்நேஹா பொண்ணு மேல லெட்டர் எழுதின சார்தானே நீ?"

வேலை போன பெண் என்ன ஆனாளோ என்று இப்போதுதான் ராகவேந்திரனுக்குத் தோன்றியது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுக்கு இன்னா சார், நல்லாத்தான் கீது. மூணு மாச சம்பள பாக்கி வராம எந்திரிக்க மாட்டேன்னு இங்கியே குந்திக்கினு, வாங்கினுதான் போச்சி. கிண்டியில வேற வேலையும் கெடச்சிருச்சி. எங்களுக்குத்தான் பட்டை நாமம்."

ராகவேந்திரன் இரண்டாவது முறையாக நிம்மதி மூச்சு விட்டார். நல்லவேளை, நம்ம அதிர்ஷ்டம், ரெண்டு நாள் சர்வர் சதி பண்ணித்து என்றார்.

தணிகாசலம் சிரித்தான்.

"சர்வருக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல சார். கல்யாணம், ஆபரேஷன்னு யாராச்சும் வந்து நின்னா மட்டும், அந்தப் பொண்ணு அதைப் படுக்க வெச்சிரும்."