புள்ள லிஸ்ட்

சுந்தரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி. மேல்தோல் தைக்கும் லைனில் ஏழு வருஷம். ஆபீஸில் ஜார்ஜ் சார் அவள் முகத்தைப் பார்க்காமல், ஆர்டர் கம்மி என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னவள் ஜெயசீலி. கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்ப்பவள், தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். கேட் வரை ஓடிவந்து, கையைப் பிடித்து, காதோடு சொன்னாள்.

"அக்கா, அழாத. உனக்கு நல்ல சேதிதான். லிஸ்ட்ல உன் நம்பர் வந்துச்சு."

எந்த லிஸ்ட் என்று சுந்தரி கேட்கவில்லை. லைனில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாயிரத்து ஆறில் வெளிநாட்டிலிருந்து ஒரு புரோகிராம் வந்தது. அதோடு ஆளுக்கொரு கார்டு. மிஷினில் உட்கார்ந்தால் தேய்க்க வேண்டும், எழுந்தால் தேய்க்க வேண்டும், பாத்ரூம் போனாலும் தேய்க்க வேண்டும். ஒரு ஜோடி தைக்க எத்தனை நிமிஷம், எந்த நேரத்தில் கை தளர்கிறது, எத்தனை முறை எழுந்து போகிறாள், எல்லாம் அதற்குள் போயிற்று. மாசக் கடைசியில் அது நாலைந்து நம்பரைக் கக்கும். அந்த நம்பர்காரிகளை நிறுத்திவிடுவார்கள்.

நின்றுபோனவள் இரண்டு மூன்று மாசம் கழித்து மேடிட்ட வயிற்றோடு கடைத்தெருவில் எதிரே வருவாள்.

பக்கத்து மிஷின் வஜீதா உண்டானதை அவள் தன் மாமியாரிடம் சொல்லும் முன்பே கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. பிரசவ லீவு கொடுக்காமல் தப்பிக்கப் பார்க்கிறான்கள் என்று பெண்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். 'புள்ள லிஸ்ட்' என்று அதற்குப் பேரும் வைத்தார்கள்.

சுந்தரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

இரண்டு மாசமாகத் தள்ளிப்போயிருந்தது. காலையில் குமட்டல். மணிக்கொரு தரம் பாத்ரூம். மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கிப் பார்க்கத்தான் துணிவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பட்டை! எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. இன்னொரு ஒற்றைக் கோட்டைப் பார்க்க அவளால் ஆகாது.

இப்போது பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

அவள் கணவன் சம்பத் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவன். சேதியைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதான். வேலை போனதைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மலடி என்று வாய் கூசாமல் சொல்லிவந்த மாமியார், முதல் தடவையாகத் தன் கையால் மீன் குழம்பு வைத்து அவளுக்குப் பரிமாறினாள்.

சோளிங்கர் நரசிம்மருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. சுந்தரி மலையேறினாள். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. இறங்கி வந்தபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். முகம் உப்பியதைப் பார்த்து, களை வந்துவிட்டது என்றார்கள் பக்கத்து வீட்டில்.

வாந்தி மட்டும் நிற்கவே இல்லை. நாலாம் மாசம் பிறந்ததும் சம்பத் அவளை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ஸ்கேன் ரூமில் டாக்டரம்மா அவள் வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, முதுகைக் காட்டிப் படுக்கச் சொன்னார்.

குழந்தையை எதற்கு முதுகில் தேடுகிறார்கள் என்று சுந்தரிக்குப் புரியவில்லை.

குழந்தை இல்லை. இருந்ததே இல்லை. இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. மாற்றுக் கிட்னி கொடுக்கப் பொருத்தமான சொந்தம் யாரும் இல்லை; டயாலிசிஸையும் உடம்பு தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஜெயசீலி வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"மன்னிச்சுடுக்கா. அந்த ஷீட்டுல புள்ளைன்னு எங்கயும் போடல. அதுக்கு அதெல்லாம் தெரியவும் தெரியாது. நம்பர் வந்த எல்லாருக்கும் புள்ள உண்டாச்சா, நாங்களா அப்படி நெனச்சுக்கினோம்."

"பின்ன இன்னா போட்டிருந்துச்சு?"

ஜெயசீலி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஆறு மாசத்துக்கு மேல இருக்க மாட்டாங்கன்னு..." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு அவசரமாகச் சேர்த்தாள். "வேலையில. வேலையில இருக்க மாட்டாங்கன்னு."

சுந்தரி வெளியே எட்டிப் பார்த்தாள். சம்பத் குழாயடியில் அவளுடைய புடவையை அலசிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லிச்சு, அவருகிட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சினு இருக்காரு. நீ சொல்லிடாத."