கழித்த துப்பாக்கி

மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் பலராமனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வீட்டில் பழைய கைத்துப்பாக்கி சேர்க்கிற கிறுக்கு. குழலில் ஒரு நம்பரும் உடம்பில் வேறு நம்பரும் இருந்தால் அது ஒட்டுப்போட்ட சரக்கு, தொடவே கூடாது என்பார். வேண்டாமென்று கழித்ததையே வேறு யாராவது மறுபடி தன் தலையில் கட்டிவிடாமல் இருக்க, கைப்பிடிக் கட்டையைக் கழற்றி, உள்ளே சிவப்புப் புள்ளி வைத்து அன்றைய தேதியை எழுதிவிடுவார். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன சாமானுக்குப் புள்ளி வைக்கிற பழக்கம்.

1991 நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. பழைய சாமான் வியாபாரி கோபால் துணிமூட்டையோடு வந்தான்.

“ண்ணா, மணிமங்கலத்துல ஒரு துப்பாக்கி மாட்ச்சி. பாத்து சொல்லுண்ணா.”

நம்பர்கள் ஒத்துப்போகவில்லை. பலராமன் கட்டையைக் கழற்றினார். உள்ளே சிவப்புப் புள்ளி ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் 17-11-91. அடுத்த ஞாயிறு.

வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு அதைக் கழிக்கிற பேச்சே வராது என்று நினைத்தார். பேரம் பேசாமல் வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். அந்த வாரம் ஓவர்டைம்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை கோபால் அதே துணிமூட்டையோடு வாசலில் நின்றான்.

“ண்ணா, மணிமங்கலத்துல ஒரு துப்பாக்கி மாட்ச்சி. பாத்து சொல்லுண்ணா.”

பலராமன் மூட்டையைப் பிரித்தார். அதே துப்பாக்கி, அதே நம்பர்கள்.

“இத்த போன வாரமே குட்த்துட்டியேப்பா.”

“இன்னாண்ணா சொல்ற? போன வாரம் நான் வரவேயில்லியே.”

அலமாரி பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் அந்தத் துப்பாக்கி வைத்த இடம் மட்டும் காலி. பலராமன் கோபால் கொண்டுவந்ததன் கட்டையைக் கழற்றினார். புள்ளி இல்லை, தேதி இல்லை. மரம் வெறுமனே இருந்தது.

“இன்னும் புள்ளி வைக்கலியா? இன்னிக்கு தேதி பதினேழு,” என்றபடி, அவர் மனைவி ஜோதி வழக்கம்போலப் பிரஷ்ஷைச் சிவப்புப் பெயிண்ட்டில் தோய்த்து அவர் கையில் கொடுத்தாள்.